நான்கு ரைஃபிள், ஒரு கேலிபர்

1. காரை எலும்பு

முருகேசன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று போன் வந்தபோது நான் கோத்தில் இருந்தேன். ஆயுதங்களைப் பூட்டி வைக்கும் அறையை எங்கள் படையில் கோத் என்றுதான் சொல்வோம். இந்தத் தீவுகளின் உப்புக் காற்றில் எந்த இரும்பும் ஒரு வாரம் சும்மா இருக்காது. மழைக்காலம் முழுக்க எண்ணெய்த் துணியும் கையுமாகத்தான் திரிவேன். போனில் பேசியவர் முதலில், "உயிருக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்றார். பிறகு, "வலது தோள்" என்றார். முதல் செய்தியை நின்றபடி கேட்டேன். இரண்டாவதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

போர்ட் பிளேர் லம்பா லைனில் ஏர்போர்ட் ரோடு திரும்பும் இடத்தில் நல்ல மழை. ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. காரை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, ஆபரேஷன் செய்து, ஸ்டீல் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

நான் இங்குள்ள போலீஸ் படையில் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது, பராமரிப்பது, சுடுபவர்களின் உடம்புக்குத் தகுந்தாற்போல் சரிசெய்து கொடுப்பது என் வேலை. மெயின்லேண்டில் கோர்ஸ் முடித்துவிட்டு வந்து, போன வருடம் ஏ.எஸ்.ஐ-யாக ஓய்வு பெறும்வரை போர்ட் பிளேரில்தான் இருந்தேன். முருகேசன் ஹெட் கான்ஸ்டபிள். எங்கள் இரண்டு குடும்பங்களும் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நாலு பேர் இருக்கும்போது "மேடம்" என்பான், இல்லாதபோது "அக்கா" என்பான்.

எங்கள் படையில் அவனைப்போல் சுட ஆள் கிடையாது. மற்றவர்கள் பாயில் படுத்து, ஸ்லிங் வாரை இறுக்கி, முழங்கையை நகர்த்தி, மூச்சை இழுத்து விட்டு என்று ஆயத்தம் செய்துகொண்டே இருப்பார்கள். அவன் வீட்டில் மத்தியானம் படுப்பதைப் போலப் படுப்பான். அதற்குப் பிறகு அவன் உடம்பில் அசைவது விசையை அழுத்தும் ஒரு விரல்தான். நாங்கள் சுட்டுப் பழகும் ரேஞ்ச் கடலோரம். அலையாத்திக் காட்டின் ஒரு இடைவெளி வழியாகக் காற்று இடப்பக்கமிருந்து வரும். வரும், நிற்கும், மறுபடி வரும். அது நிற்கப் போவது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படையின் துப்பாக்கி சுடும் டீமில் சேருவதற்கு முன் அவனை கேம்ப்பெல் பேயில் ஒரு அவுட்போஸ்ட்டில் போட்டிருந்தார்கள். இந்தத் தீவுகளின் தெற்குக் கோடி அது. தனியாக இருந்தான். அங்கே குடிக்கப் பழகினான். திரும்பி வந்தபோது அவன் மனைவி சாந்தியைத் தவிர யாரும் அவனை மனிதனாக மதிக்கவில்லை. ஒரு தேர்வுப் போட்டியில் யாரோ விளையாட்டாக அவன் கையில் ஒரு ரைஃபிளைக் கொடுக்க, அன்றிலிருந்து மாறினான். டீமின் ஷூட்டர் பட்டியலில் இருப்பவர்களைப் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்வார்கள். அதனால் வீடு நிலைத்தது, குடி நின்றது. இவையெல்லாம் அவன் வலது தோளை நம்பி இருந்தன.

டாக்டர் அவனிடம், "எலும்பு கூடிடும். பிளேட் அங்கேயேதான் இருக்கும். துப்பாக்கி விஷயம் மட்டும் யோசிச்சுப் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

2. மூன்று தோட்டாக்கள்

அவன் லைட் டியூட்டிக்குத் திரும்பிய சமயத்தில்தான், பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த சாங்ஷன் வந்தது. நீண்ட தூரப் போட்டிக்கென்று நான்கு டார்கெட் ரைஃபிள். மெயின்லேண்டில் நடக்கும் போட்டியில் கடைசிச் சுற்று 600 மீட்டர். அதுவரை நாங்கள் டியூட்டியில் தூக்கும் 5.56 துப்பாக்கிகளோடு போவோம், கடைசிக்குச் சற்று மேலே வந்து, கப்பலேறித் திரும்புவோம்.

கமாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். வட இந்தியர், நிதானமானவர். "தனலக்ஷ்மி, கௌன்சா கேலிபர்?" என்று நேரடியாகக் கேட்டார். எந்தக் கேலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்று டெக்னிக்கல் ஒப்பீனியன் எழுதிக் கொடுப்பது ஆர்மரரின் பொறுப்பு. பெரும்பாலும் நான் எழுதியதையே அவர் மேலே அனுப்புவார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக அன்று நான் போட்ட கணக்கை எழுதி வைக்கிறேன்.

600 மீட்டரில் குண்டு டார்கெட்டைச் சேர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியும் காற்றுக்குச் சொந்தம். கொடியைச் சற்றே தூக்கிக் காட்டும் காற்று, மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்று வையுங்கள், குறுக்கே அடித்தால் 5.56 குண்டு இரண்டேகால் அடி தள்ளிப் போய் விழும். 7.62, அதாவது சிவில் ஆட்கள் .308 என்று சொல்வது, இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும். 6.5 குண்டு ஒல்லியாக, நீளமாக இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போய் ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும். காற்றைப் படிப்பதில் எல்லோரும் தப்பு செய்வோம். தப்புக்குக் குறைவாகத் தண்டிக்கும் தோட்டா 6.5.

"300 மேக்னம் லேங்கே?" இன்னும் பெரிய தோட்டாவாக வாங்கலாமா என்று கமாண்டன்ட் கேட்டார். எங்கோ படித்திருந்தார். காற்றை ஜெயிக்கலாம் சார், ஆனால் படுத்தபடி அறுபது ரவுண்டு சுட்டபின் நம் ஆட்கள் கையைத் தூக்க மாட்டார்கள், பேரலும் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றேன். விட்டுவிட்டார்.

ஆக, போட்டி 7.62-க்கும் 6.5-க்கும்தான். ரீகாயிலில், அதாவது பின்னடியில், 6.5 கால் பங்காவது குறைவு. படுத்துச் சுடும்போது துப்பாக்கியின் பட், அதாவது பின்கட்டை, தோள் குழியில் ஒழுங்காக உட்காராது. மேலே ஏறி, காரை எலும்பை ஒட்டியே உட்காரும். முருகேசனுக்கு அந்த இடத்தில் எலும்பின் மேல் ஸ்டீல் இருந்தது. அவன் தோளுக்கு 6.5 பொருந்தும், 7.62 பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ள ஆர்மரராக இருக்கத் தேவையில்லை.

ஆனால் 7.62 தோட்டா எங்கள் கிடங்கில் எப்போதும் இருக்கும். போட்டித் தரம் இல்லாவிட்டாலும் வருடம் முழுவதும் பயிற்சிக்குச் சுடலாம். 6.5 இந்தத் தீவுகளில் ஒரு ரவுண்டு கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், சென்னைக்கு வரவேண்டும், பயணிகள் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அதற்கென்று அனுமதியுள்ள கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுத்தால், போட்டிக்கு முன் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கையில் அள்ளும் அளவுதான். முருகேசனுக்கு அது போதும். மற்ற மூன்று பேரும் அந்த ரைஃபிளோடு பழகவே மாட்டார்கள். டீம் போட்டியில் நான்கு பேரின் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் முடிவு.

கணக்கு இவ்வளவுதான். போட்டு முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். எழுதவில்லை.

3. சாந்தி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாந்தி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். புரோத்ராபூரில் அவர்கள் வீட்டுப் பின்னால் காய்த்த புடலங்காய் இரண்டு கொண்டு வந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கான்ட்ராக்ட் டீச்சர் வேலை அவளுக்கு. டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரைஃபிள் வாங்கப் போறாங்களாம் தானே அக்கா."

"அவன் சொன்னானா?"

"ஆமா. சின்னக் குண்டு ஒண்ணு இருக்காம், பெரிய குண்டு ஒண்ணு இருக்காம். நீங்க எழுதுறதுதான் வருமாம்."

"முடிவு கமாண்டன்ட் சாப் எடுக்கிறது சாந்தி."

"எனக்கு அதெல்லாம் விளங்காதுக்கா. சின்னதுன்னா அவருக்குச் சுட ஏலும். பெரிசுன்னா ஏலாது. இது மட்டும் விளங்குது."

அவளே தொடர்ந்தாள்.

"டீம்ல இல்லன்னா திரும்ப கேம்ப்பெல் பேதான். போன தடவை அங்கேர்ந்து வந்து ஜெட்டியில இறங்கினப்ப எப்படி இருந்தாருன்னு நீங்களும் பார்த்தீங்க. சட்டை பட்டன் போட ஏலாம கை ஆடுச்சு. நான் கூடப் போகலாம்னா வேலையை விடணும். கான்ட்ராக்ட் வேலை, விட்டா விட்டதுதான். அந்தச் சின்னக் குண்டையே எழுதிருங்கக்கா. உங்களுக்கு அதுல ஒண்ணும் நஷ்டம் இல்லையே."

"மத்த மூணு பேரும் இருக்காங்களே."

"அவங்களுக்கு என்னக்கா? டீம்ல இல்லாட்டி வேற டியூட்டி. அவ்வளவுதான். இவருக்கு அப்படியா?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். அவள் அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் அழவில்லை. ஆறிய டீயை மரியாதைக்கு ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

4. நான் எழுதியது

முதலில் வேறு வழி தேடினேன். மூன்று 7.62, ஒரு 6.5 என்று எழுதிக்கொண்டு கமாண்டன்ட்டிடம் போனேன். ஒரு ஆளுக்கு மட்டும் தேவையான 6.5 தோட்டா என்றால் ஒரே பெட்டியில் வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். "ஏக் டீம், ஏக் கேலிபர்", ஒரு டீமுக்கு ஒரே கேலிபர்தான் என்றார். இரண்டு வகைத் தோட்டா வந்தால் ஒரு நாள் ஒருவன் மாற்றிப் போடுவான், ஸ்பேர் பார்ட்ஸும் இரண்டு வகை ஆகும், மேலே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றார். கடைசியாக, "முருகேசன் எனக்கும் வேண்டியவன்தான். ஆனால் ஒரு தோளைப் பார்த்து நான்கு ரைஃபிள் வாங்கலாமா? நீயே சொல்" என்று இந்தியில் கேட்டார். தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை முருகேசனை கோத்துக்குக் கூப்பிட்டேன். தாள் மேலே போவதற்கு முன் அவனுக்கு என் வாயால் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

"முருகேசு, நான் 7.62 எழுதப் போறேன்."

மேஜை மேல் கிடந்த ஒரு ரைஃபிளின் போல்ட்டை, தோட்டா அறையை மூடும் தாழை, எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தான்.

"தோட்டா வராதுன்னா?"

"ஆமா. மூணு பேர் பழகாமப் போய் நின்னா டீம் இல்ல அது."

"எழுதுங்கக்கா" என்றான். "ஆனா நான் சுடுவேன். பட்டுக்குப் பேட் போட்டுக் குடுங்க. சுடுற ஜாக்கெட்டுல இன்னொரு ஃபோம் வைங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா சுடப் போறாரு?"

சிரித்தான். நான் எழுதினேன். அந்தத் தாளில் முருகேசனின் பெயர் எங்கேயும் வராது. காற்று, தோட்டா, பேரல், பயிற்சி, அவ்வளவுதான் வரும்.

5. ட்ரில் ரவுண்ட்

ரைஃபிள்கள் வந்து இறங்கச் சில மாதங்கள் ஆயின. முருகேசனுக்கு ஒதுக்கியதை மட்டும் தனியாக எடுத்து வைத்து வேலை செய்தேன். மிருதுவான பேட், கொஞ்சம் நீட்டிய பட், ஸ்டாக் என்ற மரக்கட்டையின் உள்ளே எடைக்கு ஈயம். துப்பாக்கி கனமாக இருந்தால் அடி குறையும். விதிகள் அனுமதிக்கும் எல்லை வரை கனமாக்கினேன்.

முதல் நாள் 300 மீட்டரில் பத்து ரவுண்டு சுட்டான். எங்கள் ரேஞ்சில் அதற்குமேல் தூரம் கிடையாது. டார்கெட்டைக் கொண்டுவந்து பார்த்தபோது பத்து ஓட்டையையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது. கமாண்டன்ட் கைதட்டினார். "தேக்கா?" பார்த்தாயா என்று என்னைக் கேட்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் அவன் தோட்டாப் பெட்டியை இடது கையால் தூக்க ஆரம்பித்தான். தலையில் தொப்பியை இடது கையால் வைத்தான். குண்டுகள் கீழே போகத் தொடங்கின. கேட்டால், "காத்து சரியில்ல மேடம்" என்றான். காற்று குண்டை இடதோ வலதோ தள்ளும். ஒருவருடைய குண்டு மட்டும் கீழே கீழே போனால் அது காற்றின் வேலை அல்ல. அடி விழப் போகிறது என்று உடம்பு முந்திக்கொண்டு துப்பாக்கியைக் கீழே அழுத்துவதால் வருவது. ஃப்ளிஞ்ச் என்போம். சுடுபவனுக்கே அது தெரியாது. குண்டு வெடிக்கும் அதிர்ச்சியில் மறைந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ட்ரில் ரவுண்ட் என்பது பார்க்கத் தோட்டா மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. சுடுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஆர்மரர் லோட் செய்து கொடுப்பார். சில உண்மையானவை, இடையில் ஒன்று ட்ரில். ட்ரில் வரும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். நல்ல ஷூட்டரின் துப்பாக்கி அப்போது கல்லில் வைத்தது போல அசையாமல் இருக்கும். இந்தச் சோதனையை டீமில் எல்லோருக்கும் செய்வது வழக்கம்.

அன்று காலை முதலில் பிஸ்வாஸுக்குச் செய்தேன். திக்லிபூர் பக்கத்து வங்காளி, டீமில் இளையவன். அசையவில்லை. அடுத்த இருவரும் பரவாயில்லை. நான்காவதாக முருகேசன் படுத்தான்.

அவனுக்கு மட்டும் எல்லாம் உண்மை ரவுண்டாகவே போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அப்படிச் செய்தால் அவன் இந்தத் தோளோடு மெயின்லேண்ட் வரை போவான். அங்கே முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உடைவான். மூன்று உண்மை ரவுண்டுகளைக் கொடுத்தேன். நாலாவதாக ட்ரில் போட்டு போல்ட்டை மூடினேன்.

டிக்.

துப்பாக்கி முனை ஒரு சாண் கீழே குத்தியது. தோள் பின்னால் சுருண்டது. அவன் தொண்டையிலிருந்து, மிதிபட்ட நாய்க்குட்டியின் சத்தம் போல ஒன்று வந்தது. வெடிச் சத்தம் இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது.

பிஸ்வாஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். முருகேசன் மெதுவாக போல்ட்டைத் திறந்து ட்ரில் ரவுண்டை எடுத்துப் பார்த்தான். அதைப் பாயின் மேல் நிறுத்தி வைத்தான்.

"டீக் ஹை மேடம்" என்றான், சரிதான் என்பதுபோல.

மற்றவர்களை டார்கெட் மாற்ற அனுப்பிவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னேன். பனியன் தோள் பக்கம் ஒட்டியிருந்தது. பிளேட்டுக்கு மேல் தோல் கறுத்து, ஒரு இடத்தில் ஸ்க்ரூவின் தலை உள்ளிருந்து தள்ளி, தோல் பிளந்து ஈரமாக இருந்தது.

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க தானே."

ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்றார்கள். மறுபடி ஆபரேஷன். அது ஆறிய பிறகும் அவன் விடவில்லை. இடது தோளில் வைத்துப் பழகினான். நான் ஸ்டாக்கைத் திருப்பிச் செதுக்கிக் கொடுத்தேன். ஆனால் குறி பார்க்க அவனுக்கு வலது கண்தான் வரும். இடது கண்ணால் சைட்டுக்குள் பார்த்தால் டார்கெட் நழுவும். புதிதாகச் சேர்ந்த ஆள் எடுக்கிற மதிப்பெண்தான் வந்தது. ஒரு நாள் அவனே ரைஃபிளைச் சுத்தமாகத் துடைத்து, என் மேஜை மேல் வைத்து, "ரிசர்வ் ஆளுக்குக் குடுத்திருங்க" என்றான்.

6. மூன்றாம் இடம்

டீமோடு ஒரு விண்ட் கோச் போகலாம் என்று போட்டி விதியில் இருந்தது. சுடுபவர்களின் பின்னால் உட்கார்ந்து டெலஸ்கோப்பில் காற்றைப் பார்த்து, எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் ஆள். கமாண்டன்ட்டிடம் கேட்டேன். உடனே சரி என்றார். முருகேசன் மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

ஆர்மரராக நானும் கூடப் போனேன். மெயின்லேண்டில் அந்த ரேஞ்ச் பெரிய பொட்டல். மரம் இல்லை, கடல் இல்லை. புழுதியும் வெயிலும்தான். முதல் நாள் முழுவதும் முருகேசன் வெப்பத்தில் நெளியும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் காற்று எனக்குப் பழக்கமில்லாதது என்று மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான்.

போட்டி நாளில் பிஸ்வாஸின் காலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். "அபி நஹி... நஹி... ருக்", இப்போது வேண்டாம், பொறு என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருப்பான். பக்கத்து டீம்கள் சுட்டுத் தள்ளும். எங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள். "ஆதா லெஃப்ட். மார்." அரைப் புள்ளி இடது, சுடு என்பான். குண்டு நடுவில் விழும். நான்கு பேருக்கும் அப்படியே செய்தான். அவர்களும் அவன் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள்; மாதக்கணக்கில் விடாமல் சுட்டுப் பழகிய தோள்கள் அவை. பக்கத்துப் பாயில் 6.5 கொண்டுவந்த ஒரு டீம் இருந்தது. தோட்டா தாமதமாக வந்து, சரியாகப் பயிற்சி செய்யாமலே வந்திருந்தார்கள். அருமையான ரைஃபிள்கள். எங்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

எங்களுக்கு மூன்றாம் இடம். எங்கள் படைக்கு அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. கமாண்டன்ட் போனில் என்னிடம், "தனலக்ஷ்மி, தும்ஹாரா கேலிபர் சஹி நிக்லா" என்றார். என் கேலிபர் சரியாகிவிட்டதாம். நன்றி சொன்னேன்.

மெடல் நான்கு பேருக்கு. கோச்சுக்கு மெடல் கிடையாது. நான்கு பேரும் மெடலோடு நிற்கும் போட்டோ ஆபீசில் மாட்டப்பட்டது. அதில் முருகேசன் இல்லை. அதை எடுத்தவனே அவன்தான்.

7. கேம்ப்பெல் பே

அடுத்த வருடம் கமாண்டன்ட் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்தார். பொது மாறுதல் உத்தரவில் முருகேசனின் பெயர் கேம்ப்பெல் பேக்கு வந்தது. புது அதிகாரியிடம் போய், மூன்றாம் இடம் வந்ததற்கு அவன்தான் காரணம், இவனை அங்கே அனுப்பாதீர்கள் என்று கேட்டேன். அவர் விதியைக் காட்டினார். ஷூட்டர் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. விண்ட் கோச் என்று எங்கள் படையில் ஒரு பதவியே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. விதியில் இல்லை, அவ்வளவுதான்.

சாந்தி என்னைப் பார்க்க வரவில்லை. பஜாரில் ஒரு முறை எதிரே வந்தாள். நின்று, "சுகமா அக்கா?" என்று கேட்டாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அவுட்போஸ்ட்களின் ஆயுதங்களை வருடத்துக்கு ஒரு முறை சோதிக்கப் போக வேண்டும். அடுத்த முறை நானே பெயர் கொடுத்து கேம்ப்பெல் பேக்குக் கப்பலேறினேன். கடல் மோசமாக இருந்தது; போகும் வழியெல்லாம் படுத்தே கிடந்தேன். ஜெட்டியில் அவனே வந்து என் பையை வாங்கினான். மெலிந்திருந்தான். டீ கொண்டுவந்து கொடுத்தபோது கிளாஸ் சாசரில் தாளம் போட்டது. நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

துப்பாக்கிகளைச் சோதித்தேன். அந்த உப்புக் காற்றில் அவ்வளவு சுத்தமாக வைத்த ஆயுதங்களை நான் வேறு எந்த அவுட்போஸ்ட்டிலும் பார்த்ததில்லை. வேலை முடிந்து வெளியே வந்தோம். கரையில் ஒரு டோங்கிப் படகை இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் விளிம்பில் உட்கார்ந்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நாளைக்கே திரும்பக் கூப்பிட்டு, எந்தக் கேலிபர்னு கேட்டா, என்ன எழுதுவீங்க?"

கப்பலில் வரும்போதே இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருந்தேன். அவன் மனதைத் தேற்றும் ஒரு பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"7.62" என்றேன். "அதேதான் எழுதுவேன்."

கோபப்படுவான் என்று இருந்தேன்.

"நல்லது" என்றான். "நீங்க மாத்திச் சொல்லிருவீங்களோன்னு பயந்துகிட்டேதான் கேட்டேன். மாத்திச் சொல்லியிருந்தா, அப்ப நான் இங்க வந்தது எதுக்குன்னு ஆகியிருக்கும்."

இருட்டுவதற்கு முன் எழுந்து போனோம்.

அவன் அங்கே முழுக் காலமும் இருந்துவிட்டு, குடித்து, விட்டு, மறுபடி குடித்து, மறுபடி விட்டு, ஒருவழியாகத் திரும்பி வந்தான். வந்ததும் விருப்ப ஓய்வு கேட்டான். இப்போது வண்டூரில் ஒரு படகுக்காரரிடம் வேலை பார்க்கிறான். சாந்தி அவனோடு இருக்கிறாள். தோளில் பிளேட்டை எடுத்துவிட்டார்கள். மழை வந்தால் வலிக்கிறது என்கிறான்.

கேலிபர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இளையவர்கள் என்னைக் கேட்பதுண்டு. வருடம் முழுவதும் எந்தத் தோட்டா உங்கள் கைக்குக் கிடைக்குமோ அதை எடுங்கள். காற்றுக் கணக்கை அதன் பிறகு பாருங்கள் என்று சொல்கிறேன். சரியான பதில் அது. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

ஆனால் நான் கற்றுக்கொண்டது இன்னொன்று. ஒரு முடிவு சரியாகிவிட்டது என்பதால் அதற்கு யாரும் விலை கொடுக்கவில்லை என்று ஆகாது. அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருங்கள். கப்பல் ஏற வேண்டியிருந்தாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்களைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

நான் மாதம் ஒரு முறை பஸ் பிடித்து வண்டூர் போய் வருகிறேன். மீன் விலை, மழை, சாந்தியின் பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டிருப்போம். துப்பாக்கியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.